கதவில் எழுதிய ‘தொடாதே’

வண்டி விஷயத்தில் எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம். பழைய பிக்கப் ஒன்றைப் புதுப்பித்து, பெரிய எஞ்சின் பூட்டி, உயரத்தைக் குறைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, கதவில் ‘தொடாதே’ என்றும் எழுதியிருந்தேன்.

மாப்பிள்ளையான கூட்டாளியை நிக்காஹ்வுக்கு ஏற்றிக்கொண்டு கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போனேன். வீரமுனையில் ஒரு மதகின் மேல் வண்டியின் வயிறு தட்டிச் சிக்கிக்கொண்டது. வயலில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். கதவைப் படித்த ஒருவர், சேற்றுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டார்: “தொடலாமா தம்பி?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “தொடுங்க அண்ணன்.”

“மாப்பிள இறங்க வேணாம், உடுப்பு சேறாகிரும்” என்று சொல்லி, அவனோடு சேர்த்தே வண்டியைத் தூக்கி நகர்த்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கழுவியபோது, சேறு முதல் வாளித் தண்ணீரிலேயே போய்விட்டது. ‘தொடாதே’யைத்தான் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.