சிவப்புக் கூடாரம்

வெளியே பனி கொட்டுகிறது. கனடாவின் ஸ்காபரோவில் தூண்டில் சாமான் விற்கும் கடையொன்றில் அந்தோனி அண்ணை கூடாரம் பார்க்கிறார். உறைந்த ஏரியின் மேல் அதை விரித்து, உள்ளே குந்தியிருந்து, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கலாம். அவர் மன்னாரில் கடல் தொழில் செய்தவர். இப்போது வெக்ஸ்போர்டில் ஒரு பேஸ்மென்டில் தனியாக இருக்கிறார். நான் மூன்று நாள் விருந்தாளி, நாளைக்குப் போய்விடுவேன்.

அவர் வெள்ளைக் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைக்காரரோ விரித்து நிறுத்தியிருக்கும் சிவப்பைக் காட்டுகிறார். பனிக்குள் வெள்ளை தெரியாது, ஏரியில் ஓடுகிற பனிவண்டிகள் மேலே ஏறிவிடும் என்கிறார்.

அண்ணையின் கை வெள்ளையை விடவில்லை.

"அங்கை விளக்கை அணைச்சுப்போட்டுத்தான் தம்பி வலை இழுக்கிறது. வெளிச்சத்தைக் கண்டால் நேவிக்காரங்கள் சுடுவாங்கள். ஆரும் காணக்கூடாது எண்டே பழகிப்போச்சு."

"இஞ்சை கண்டால் விலத்திப் போவினம் அண்ணை."

அவர் வெள்ளையைக் கீழே வைத்துவிட்டுச் சிவப்புக் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்து, ஸிப்பை இழுத்து மூடுகிறார். உள்ளிருந்து குரல் வருகிறது.

"தம்பி, இதுக்குள்ளை ஒரு ஆள் இருக்கிறது வெளியிலை தெரியுதோ?"

"கூடாரம் நல்லாத் தெரியுது அண்ணை."

"நான் கூடாரத்தைக் கேக்கேல்லை."

துணி தடிப்பானது. அவருடைய நிழல்கூட அதில் விழவில்லை.

"ஓம் அண்ணை, தெரியுது" என்கிறேன்.