ஷிப்ட் முடிந்து வரும் நெஞ்சுவலி

“ஆராய்ச்சிக் கேள்வியெல்லாம் டாக்டருங்க எழுதிப்பாங்க சிஸ்டர். நீங்க ஃபார்மைக் கொடுத்து வாங்கிட்டு வந்தா போதும்” என்றார் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் டாக்டர். நான் அங்கே நர்ஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஃபார்ம் கொடுத்து வாங்கவா இவ்வளவு படித்தேன் என்று மனதுக்குள் முறைத்துவிட்டு, வாயால் “சரி சார்” என்றேன்.

விஷயம் இதுதான். அவசர சிகிச்சையில் எதையெதை முதலில் ஆராய வேண்டும் என்று ஒரு மருத்துவக் கல்லூரி பட்டியல் போட்டது. பத்துக் கேள்விகளுக்குத்தான் இடம். டாக்டர், நர்ஸ் மட்டுமல்ல, ஊர்மக்களும் கேள்வி எழுதலாம். கடைசியில் ஓட்டுப் போட்டுப் பத்தைப் பொறுக்குவார்கள். அந்தப் பத்தில் ஒன்று நான் கொண்டுபோனதாக இருக்க வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது.

மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில், சுரங்கத்துக்குப் போகும் பஸ் நிற்குமிடத்தில் போய் நின்றேன். நெய்வேலியில் யார் கையில் ஃபார்மைக் கொடுத்தாலும் அது மனுவாகிவிடும் என்பதை மறந்திருந்தேன். ‘அவசர சிகிச்சை பற்றி உங்கள் கேள்வி’ என்ற இடத்தில் ஒருவர், ‘காண்ட்ராக்டில் இருப்பவரை பெர்மனென்ட் ஆக்குவது எப்போது?’ என்று எழுதித் தந்தார். இன்னொருவர் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் படமே வரைந்திருந்தார். மூன்றாமவர், “ஆதார் ஜெராக்ஸ் வைக்கணுமாம்மா?” என்றார்.

ஃபார்மைப் பைக்குள் திணித்துவிட்டு வாயால் கேட்டேன். “நெஞ்சு வலிச்சா உடனே வருவீங்களாண்ணே?”

குறிஞ்சிப்பாடியிலிருந்து வேலைக்கு வரும் ஒருவர் சிரித்தார். “உடனே எங்க வர்றதும்மா? ஷிப்ட் முடிச்சிகினுதான்.”

அவருடைய கூட்டாளி முந்திக்கொண்டார். “இவரு ஒரு தடவ பாதி ஷிப்ட்ல நெஞ்சப் புடிச்சிகினு ஆம்புலன்ஸ்ல போனாரும்மா. அங்க போய் ஒரு ஏப்பம் வுட்டாரு, எல்லாம் சரியாப் போச்சு. அன்னிலேர்ந்து இவர ‘ஹார்ட்டு’ன்னுதான் கூப்புடறோம்.”

“சிரிங்க. அடுத்த தடவ நெசமா வலிச்சாலும், உங்க வாய்க்குப் பயந்துகினு சொரங்கத்துலயேதான் குந்திகினு இருப்பேன்” என்றார் ஹார்ட்டு.

என் சிரிப்பு பாதியில் நின்றது. என் அப்பாவும் ஷிப்ட் முடியும்வரை வலியை அடக்கிக்கொண்டிருந்துவிட்டுத்தான் வந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் இப்போதும் பஸ் ஏறினால் இரண்டு ஸ்டாப் வரை மூச்சு வாங்குகிறார். அங்கேயே நின்று ஒரு ஃபார்மில் எழுதினேன்: ‘கேலிக்குப் பயந்து நெஞ்சுவலியைப் பொறுத்துக்கொள்பவர்களை உடனே வரவைப்பது எது?’

ஓட்டெடுப்பு நாளில் கேள்விகளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஐந்து சிவப்பு ஸ்டிக்கர். புது மருந்து, புது ஸ்கேன் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் அம்மை போட்டதுபோல் ஸ்டிக்கர் ஏறியது. என் கேள்வி துடைத்துவிட்ட முகம்போல் இருந்தது.

“இது ஆராய்ச்சியா சிஸ்டர்? அட்வைஸ் பண்ற விஷயமாச்சே” என்றார் எங்கள் டாக்டர்.

“அட்வைஸ் தினமும் பண்றோம் சார். கேட்டுக்கிட்டு ஷிப்ட் முடிச்சுதான் வராங்க.”

ஊர்மக்கள் சார்பில் நான் அழைத்துவந்திருந்த ஹார்ட்டு, தன் ஐந்து ஸ்டிக்கரையும் என் கேள்வியிலேயே ஒட்டினார். ஒரு கேள்விக்கு ஒன்றுதான் என்று சொல்லி, ஓட்டெடுப்பை நடத்தியவர் நான்கைப் பிய்த்தார். “லீவு போட்டுகினு வந்துருக்கேங்க, ரெண்டாச்சும் வுடுங்க” என்று ஹார்ட்டு பேரம் பேச, அறையே சிரித்தது. சிரித்தவர்கள் பக்கத்தில் வந்து கேள்வியைப் படித்தார்கள். சிலர் ஒட்டினார்கள். எங்கள் டாக்டர் கடைசி ஸ்டிக்கரை விரல்நுனியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, எனக்கு முதுகைக் காட்டியபடி, என் கேள்வியில் ஒட்டினார்.

ஒன்பதாம் இடம்.

“சரி, லிஸ்ட்ல வந்துடுச்சு. இத யாரு பண்ணப் போறா?” என்றார் டாக்டர், வெளியே வரும்போது.

மனிதர்களிடம் ஆராய்ச்சி செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் ‘முதன்மை ஆய்வாளர்’ என்ற இடத்தில் என் பெயரையும், ‘துணை ஆய்வாளர்’ என்ற இடத்தில் டாக்டர் பெயரையும் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை கொடுத்துவிட்டேன்.