எட்டுக்கு இரண்டு வாசித்தவர்

பேஸ் கிட்டார் வாசிப்பவரை அந்த ராக் குழுவில் எல்லோரும் தூணு என்றுதான் கூப்பிடுவார்கள். மேடை ஏறினால் நின்ற இடத்திலேயே நிற்பார். பாட்டுக்காரர் குதிப்பார், கிட்டார்காரர் முட்டி போடுவார், டிரம்ஸ் வாசிக்கிற மச்சான், அதாவது தூணுவின் மனைவிக்குத் தம்பி, ஏழு தலைமுறைப் பகையைத் தீர்ப்பது மாதிரி அடிப்பார். இவர் மட்டும் கூரை விழாமல் தாங்குகிறவர் போல அசையவே மாட்டார். கேட்க வருகிறவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். மனுஷனுக்கு அலுப்பு, அவ்வளவுதான்.

வாரம் ஐந்தரை நாள் லிஃப்ட் ரிப்பேர் வேலை. எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றாலும் அது பதினாலாவது மாடியில்தான் நிற்கும், அது அவர் தலையெழுத்து. லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவர் படியேறித்தானே போக வேண்டும்? அப்படி அவர் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். ஐம்பது வயதுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. முட்டி மட்டும் அவசரப்பட்டு அறுபதைத் தாண்டிவிட்டது.

ஸ்பானர் பிடித்துப் பிடித்து வலது கை நடுவிரலும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மடக்கினால் மடங்கிக்கொள்ளும், நிமிராது. இன்னொரு கையால் பிடித்து இழுத்தால் ‘டக்’கென்று நிமிரும். டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்னார். விரலுக்கா எனக்கா என்று கேட்க நினைத்து, கேட்காமலே வந்துவிட்டார். விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அவள்தான்.

பேஸ் கிட்டாரை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும். வேகமான பாட்டில் நீங்கள் ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் எட்டு மீட்டல் போய்விடும். நான்கு வருடமாகத் தூணு எட்டுக்கு இரண்டுதான் மீட்டிக்கொண்டிருந்தார். மீதி ஆறுக்குக் கை ஆடும், கம்பி ஆடாது.

இது எப்படி யாருக்கும் தெரியாமல் போனது? அதற்குப் பழைய சவுண்ட் என்ஜினியரைத்தான் கும்பிட வேண்டும். அவருக்குப் பெயரே ‘ஏத்து’. கிட்டார்காரர் தன் கிட்டார் கேட்கவில்லை என்றால் கிட்டாரை ஏற்றுவார். பாட்டுக்காரர் தன் குரல் கேட்கவில்லை என்றால் குரலை ஏற்றுவார். ஐந்து பேரும் மாறி மாறி ஏறி, மேடையிலிருந்து வருவது பாட்டா, லாரியிலிருந்து இரும்பு இறக்குகிறார்களா என்று யாருக்கும் விளங்காது. ஒரு தடவை இரண்டு தெரு தள்ளி ஒரு நாய் வீட்டைக் காலி செய்துகொண்டு போனதாகப் பேச்சு. அந்தச் சத்தத்தைத் தூணு போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டார். அதற்குள்ளே ஆறு மீட்டல் என்ன, ஆறு யானை தொலைந்தாலும் தெரியாது.

போன மாதம் ஏத்து காது வலிக்கிறது என்று விலகிவிட்டார். இப்போது ஒரு நூலகத்தில் வாட்ச்மேன். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாராம்.

அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். அதுவரை கூட்ட அரங்குகளில் பேச்சாளர்களுக்கு மைக் பார்த்தவள். ஒரு வார்த்தை விளங்காவிட்டாலும் அவளுக்குப் பல் கூசும். முதல் நாள் சவுண்ட் செக்கில் அரங்கத்தின் நாலு மூலைக்கும் நடந்து நடந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். பிறகு மேடைக்கு வந்து எல்லோரும் பாதி கம்மி பண்ணுங்கள் என்றாள். கிட்டார்காரர் தன் கிட்னியைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார்.

“அண்ணா, உங்க ஆம்ப் தரையில உக்காந்து உங்க முட்டிக்கு வாசிக்குது. முட்டிக்குக் காது இருக்கா?” என்று கேட்டுவிட்டு, கிட்டார் சத்தம் வருகிற அந்தப் பெட்டியைத் தூக்கி ஒரு நாற்காலியில் வைத்து, அவர் முகத்துக்கு நேராகச் சாய்த்தாள். கிட்டார்காரர் ஒரு தடவைதான் மீட்டினார். அலறிக்கொண்டு தானே பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவள் பெயர் கம்மி. அவள் செய்தது அதோடு நிற்கவில்லை. கிட்டாரிலும் கீபோர்டிலும் அடியில் ‘கும்’மென்று வருகிற கனத்த சத்தத்தை மிக்ஸரில் வெட்டி எடுத்தாள். குரலை எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். வெட்டியதில் காலியான கீழ்த்தளம் முழுவதையும் கூட்டிப் பெருக்கித் தூணுவிடம் கொடுத்தாள், இனி இது பேஸுக்கு மட்டும்தான் என்று. வேறு யாராவது என்றால் காலில் விழுந்திருப்பார்கள். தூணுவுக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கச்சேரியில் பாட்டுக்கு வரிகள் இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. முடிந்ததும் பல வருடமாக முன்வரிசைக்கு வருகிற ஒருவர் ஓடிவந்து தூணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இன்னிக்குத்தான் சார் உங்க பேஸே கேட்டுச்சு. நடுநடுவுல நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறீங்களே, அது புது ஸ்டைலா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டார்.

திங்கட்கிழமை லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது போனில் கம்மியின் செய்தி வந்தது. சனிக்கிழமை ஒவ்வொருவர் வாசித்ததையும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறாளாம். வியாழக்கிழமை பயிற்சியில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கலாமாம். தூணுவுக்குக் கையிலிருந்த கிரீஸே உறைந்துவிட்டது. கீபோர்டுக்காரர் ஆறு வருடமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார், அவசியம் என்றால் பேஸை என் இடது கையே பார்த்துக்கொள்ளும் என்று. அந்த இடது கைக்கு வேலை கிடைக்கிற நாள் வந்துவிட்டது.

வீட்டில் சொன்னார். மனைவி விரலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“விட்டுடுங்களேன். சனிக்கிழமையாவது படுத்துத் தூங்குங்க.”

“அங்க ஒரு இடத்துலதான் யாரும் என்னை ‘எப்ப சரியாகும்’னு கேக்குறதில்ல” என்றார் தூணு.

அவள் இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றினாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே பயிற்சி அறைக்குப் போனார். மெத்தைக் கடைக் கிடங்கின் பின்பக்கம், சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்திய ஒரு அறை. உள்ளே பத்து நிமிடம் இருந்தால் யாருக்கும் கொட்டாவி வரும். கதவைத் தள்ளப் போனபோது மச்சான் வெளியே வந்தார். தூணுவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“பாத்ரூம் எங்க இருக்குன்னு கேக்க வந்தேன் மாமா.”

ஒன்பது வருடமாக வாசிக்கிற இடம்.

உள்ளே கம்மி ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளும் ராத்தூக்கம் இல்லாதவள் போலத்தான் இருந்தாள். தூணு வாயைத் திறக்கவில்லை, அதற்குள் முந்திக்கொண்டாள்.

“நீங்களும் உங்களைக் கம்மி பண்ணச் சொல்லத்தான் வந்தீங்களா? நீங்க நாலாவது ஆளு. இத்தனை நாளா ஏத்து ஏத்துன்னீங்களாம். இப்ப அஞ்சு பேருல நாலு பேரு கம்மின்னா நான் யாரைத்தான் வெளிய காட்டுறது?”

நாலாவது என்றதும் தூணு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஒயரைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். “உங்களை மறைக்கணும்னா மத்தவங்களைப் பழையபடி ஏத்தித்தான் மறைக்கணும். அதான் வேணும்னா சொல்லுங்கண்ணா, பண்ணிடுறேன்.”

சரி என்கிற வார்த்தை தூணுவின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நாலு வருடமாகக் கம்பியைத் தொடாமல் கையை ஆட்டிய களைப்பும் கூடவே வந்தது. எட்டையும் வாசித்திருந்தால்கூட இவ்வளவு அலுத்திருக்காது. யார் பார்க்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று முதுகெல்லாம் கண்ணாக நிற்பது பதினாலு மாடி ஏறுவதைவிட மோசம்.

“வேணாம்மா” என்றார். “நானே சொல்லிடுறேன்.”

எல்லோரும் வந்ததும் சொன்னார். சொல்லத் தெரியாமல் விரலை மடக்கிக் காட்டினார், இடது கையால் இழுத்து ‘டக்’கென்று நிமிர்த்தினார். எட்டுக்கு இரண்டு கணக்கையும் மறைக்காமல் ஒப்பித்தார். மின்விசிறி கூட வெட்கப்பட்டுச் சுற்றியது. பாட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே, உச்சஸ்தாயியில் வருகிற வரியைத் தான் பாடியே ஆறு வருடம் ஆகிறது, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டு வாயை மட்டும் திறப்பதாகச் சொன்னார். மச்சான் இடது காலைத் தேய்த்துக்கொண்டார், அது மிதிக்க வேண்டிய டிரம்ஸ் பெடல் பாதி நேரம் சும்மாதான் இருக்கிறதாம். கிட்டார்காரர் மட்டும் ஒயர் சரியில்லை என்றார். இன்றைக்குக் கேட்டாலும் ஒயர்தான் என்பார்.

பதிவைப் போடட்டுமா என்று கம்மி கேட்டாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். லேப்டாப்பை மூடிவிட்டாள்.

கடைசியில் கீபோர்டுக்காரர் தொண்டையைச் செருமினார். இத்தனை வருட ஆசைக்கு முகத்தில் கொஞ்சமாவது சிரிப்பு இருக்கும் என்று தூணு பார்த்தார். இல்லை. அவரும் தரையைப் பார்த்துத்தான் பேசினார்.

“வேகமான மூணு பாட்டை என் கை பாத்துக்கும்ணே. மத்ததெல்லாம் நீங்கதான்.”

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். இப்படிச் சொன்னால் என்ன செய்வது? தூணு தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலக் கச்சேரியின் நடுவில் மூன்று பாட்டும் வரிசையாக வந்தன. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே தூணு மேடையை விட்டு இறங்கி, அரங்கத்தின் பின்னால் மிக்ஸருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பாட்டில் தான் இல்லாத இடம் எங்கே ஓட்டையாகத் தெரிகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடினார். எங்கேயும் தெரியவில்லை. எட்டும் எட்டாக, சுத்தமாக விழுந்தது. நெஞ்சுக்குள் எதையோ கழற்றி எடுத்த மாதிரி இருந்தது. முன்வரிசை ஆள் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது பாட்டில் அதே அளவுக்கு வலிக்கவில்லை. கையை ஆட்டிக் காட்ட வேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு கையையும் மடியில் வைத்தார். விரல் தன் பாட்டுக்கு மடங்கிக் கிடந்தது, அதை நிமிர்த்தவும் தோன்றவில்லை.

மூன்றாவது பாட்டு, அவர்களிடம் இருக்கிற பாட்டுகளிலேயே வேகமானது. மச்சான் காலையும் சேர்த்து அடித்தார், கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அந்த ஆர்ப்பாட்டத்துக்கு நடுவே தூணு வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் தூங்கிவிட்டார்.

பாட்டு முடிந்ததும் கம்மி மிக்ஸரிலிருந்து கையை எடுக்காமலே முழங்கையால் அவர் தோளை இடித்தாள்.

“எந்திரிங்கண்ணா. அடுத்தது உங்களுது.”

விரலை இழுத்து நிமிர்த்திக்கொண்டு, கூட்டத்தை விலக்கி விலக்கி முன்னால் நடந்தார். படியேறும்போது முட்டி வலித்தது. மேடையில் நாலு பேரும் அவர் வந்து ஒயரைச் செருகும்வரை காத்துக்கொண்டு நின்றார்கள்.