மூன்று வியாழக்கிழமைகளும் அண்ணனின் இரத்த அழுத்தமும்

என் அண்ணனுடைய வலது கண்ணில் புரை எடுக்க ஒரு வியாழக்கிழமை போதும். எங்களுக்கு மூன்று தேவைப்பட்டன. வைகாசியில் ஒன்று, ஆனியில் ஒன்று, ஆடியில் ஒன்று. எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்த மூன்று நாட்களின் பக்கங்களைப் புரட்டும்போது இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அண்ணன் புதுச்சத்திரத்தில் இருக்கிறார். அறுபத்தெட்டு வயது. முப்பது ஆண்டுகள் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். கண் மங்கிய பிறகும் மொபெட்டை விடவில்லை. சித்திரையில், நின்றுகொண்டிருந்த டிராக்டர் டிரெய்லரில் போய் முட்டினார். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று.

“நடு ரோட்ல நிறுத்திப்போட்டான் அம்மணி, என்ன பண்றது?” என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். டிரெய்லர் நெடுஞ்சாலையை விட்டு நன்றாக இறங்கி, புளியமரத்தடியில் நின்றிருந்தது. அறுவை ஒரு மாதம் தள்ளிப்போனால் அவர் இன்னும் ஒரு மாதம் அந்த நெடுஞ்சாலையில் பாதிப் பார்வையோடு ஓட்டுவார் என்பதுதான் என் கவலை.

அவருக்கு இரத்த அழுத்தமும் உண்டு. தினம் ஒரு மாத்திரை. அதை எழுதிக் கொடுக்கும் மருத்துவர் பங்குனியில், கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகினால் நாளடைவில் அழுத்தம் குறையும் என்று சொல்லியிருந்தார். ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பதும் ‘நாளடைவில்’ என்பதும் அண்ணன் காதில் ஏறவில்லை. மறுநாளே ஜிம்மில் சேர்ந்துவிட்டார். தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொன்ன மாஸ்டரைப் பற்றி என்னிடம் புகார் வேறு.

“ரிக்குல பைப்பு தூக்குனவனுக்கு மூச்சு உடச் சொல்லித் தர்றான். மூச்சப் புடிச்சாத்தான பாரம் மேல வரும்?”

மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் அந்த நேரத்தில் அழுத்தம் எகிறும், நாடித்துடிப்பும் ஓடும் என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன்.

“நீ படிச்சுக்கிட்டே இரு” என்றார்.

வைகாசி வியாழன், அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கண் மருத்துவமனை. நர்ஸ் அண்ணன் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். மேல் எண் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. இந்த அழுத்தத்தில் கண்ணில் கை வைக்க முடியாது, அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை என் வீட்டுக் கருவியில் பார்த்தேன்: நூற்று முப்பத்திரண்டு.

சரி, நானே கணக்காகப் பார்த்துவிடுகிறேன் என்று அந்தக் கருவியை அவரிடம் கொடுத்தனுப்பினேன். காலையும் மாலையும் அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதினேன். நேரம், எந்தக் கை, மேல் எண், கீழ் எண், நாடி. மாதம் முழுவதும் ஒழுங்கான எண்கள். ஆனி வியாழனன்று அந்தப் பக்கங்களோடு போனோம். நர்ஸின் கருவி மறுபடியும் நூற்றெண்பதைக் காட்டியது. சிலருக்கு ஆஸ்பத்திரியைப் பார்த்தாலே ஏறும் என்று சொல்லி அன்றும் திருப்பி அனுப்பினார்கள். மாத்திரை கொடுப்பவரிடம் போனோம். அவர் ஒன்றை இரண்டாக்கினார். நான்காம் நாள் காலை அண்ணன் கட்டிலை விட்டு எழுந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று அண்ணி அழைத்தார். தலைசுற்றல். அன்றைக்கு எண் தொண்ணூற்றாறு. அன்று மாலையே மொபெட்டில் டீக்கடைக்குப் போய் வந்ததையும் அண்ணிதான் சொன்னார்.

ஆடி வியாழன். பெயரைக் கூப்பிடும் நேரத்தில் பக்கத்து நாற்காலியில் அண்ணன் இல்லை. தேடிக்கொண்டு போனேன். கழிப்பறைக்குப் போகும் நடையில், தண்ணீர் கேனுக்கு அப்பால், சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்போல் முழங்காலை மடக்கி நின்றார். தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின. முகம் செக்கச்செவேல். வாயை இறுக மூடி மூச்சை அடக்கியிருந்தார்.

“என்னங்கண்ணா பண்றீங்க?”

இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு நிமிடமாம். தோளைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினேன்.

“உடு அம்மணி! செவுத்துல இப்புடி உக்காந்தா பிரஷர் எறங்குமாம். போன்ல வந்துச்சு. டாக்டரே பேசுறாரு அதுல.”

“போன தடவையும் பண்ணுனீங்களா?”

“பண்ணாம? மொதத் தடவையும் பண்ணுனேன். ரெண்டாவதுக்கு ரெண்டு நிமிசம் சேத்தியே நின்னேன். அப்பவும் எறங்குலீன்னா மிஷினுதான் கோளாறு.”

“அண்ணா, வாரக்கணக்குல பண்ணுனா எறங்கும். பண்றப்ப ஏறும். அடுப்புல இருந்து எறக்குன ஒடனே பாலுக்குள்ள கைய உட்டுப்போட்டு, சுடுதுன்னு வேற சொல்றீங்க!”

“அப்ப எறங்கும்னு ஒத்துக்கறயில்ல?”

இந்த மனிதரோடு என்ன பேசுவது? இரண்டு மாதம், இரட்டை மாத்திரை, ஒரு தலைசுற்றல், எல்லாம் இந்தச் சுவருக்காக. அதைவிட எரிச்சல் என்மேல். நேரம் எழுதினேன், எந்தக் கை என்று எழுதினேன். பட்டையைச் சுற்றுவதற்கு முன் கால்மணி நேரம் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இங்கே பயிற்சி முடித்த கையோடு பட்டைக்குக் கையை நீட்டியிருக்கிறார்.

நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் அவருக்கு நன்றி. அண்ணனை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, கால்மணி நேரம் பேசக் கூடாது என்றார். அண்ணன் பேசவில்லை. நான்தான் பேசினேன். டிரெய்லரில் தொடங்கி ரிக் வண்டிக் காலம்வரை போய்விட்டேன் போலிருக்கிறது.

“ஏனுங்க்கா,” என்றார் நர்ஸ், “நீங்க திட்டத் திட்ட அவுருக்கு ஏறிக்கிட்டே இருக்குதுங்க. கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கருவியையே பார்த்தேன். நர்ஸ் ஒருமுறை பார்த்தார், இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். நூற்று நாற்பத்திரண்டு. கண் மருத்துவர் வந்து பார்த்துவிட்டு இன்றைக்கே செய்துவிடலாம் என்றார். மாத்திரையைப் பழையபடி ஒன்றாக்குவது பற்றி அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார்.

பச்சை அங்கியும் தலையில் பிளாஸ்டிக் தொப்பியுமாக அண்ணனை உள்ளே கூட்டிப் போனார்கள். கதவருகே என்னைத் திரும்பிப் பார்த்து, மூச்சை நன்றாக வெளியே விட்டுக் காட்டினார். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார்கள். அவரிடம் சொல்வதற்கு எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருந்தது.