வெட்கப் பலகையில் மூன்றாவது முறை

புருல் நல்லவளாகத்தான் பிறந்திருப்பாள். நாற்பத்தாறு வயதில் தலைநகர் பிஷ்கெக்கில் மென்பொருள் அலுவலகம் ஒன்றில் வந்து உட்கார்ந்தபோது, அதில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது.

அதற்கு முன் நரின் என்ற மலையூரில் பத்தொன்பது வருடம் கணக்கு டீச்சர். நன்றாகப் படிப்பவர்களின் படம் பள்ளி வாசலில் பெருமைப் பலகையில் ஏறும்; அவள் பரீட்சையில் தோற்றவர்களின் படம் பக்கத்திலேயே வெட்கப் பலகையில். அழுத பிள்ளைகளைப் பார்த்து அவள் ஒருநாளும் இரங்கியதில்லை. சம்பளம் கட்டுப்படியாகாமல்தான் கணினி கற்றுக்கொண்டு நகரத்துக்கு வந்தாள்.

இங்கே எல்லாரும் அவள் வயதில் பாதி. அக்கா என்பதை அவர்கள் 'எஜே' என்பார்கள், ஆனால் சொல்லில்தான் மரியாதை. "எஜே, டீ ஆறிப்போச்சு, உங்க பில்ட் மாதிரியே!" என்பான் அசாத். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

பில்ட் என்பது பையன்கள் எழுதும் நிரல்களைத் தினமும் காலையில் ஒன்றாகக் கட்டும் வேலை. கட்டும்போது ஒரு செருகுநிரல் அந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு ஒரு சோதனைப் பக்கத்தைத் தானே உண்டாக்கும். எல்லாம் சரி என்றால் பச்சை, ஒன்று தோற்றாலும் சிவப்பு. எந்தக் கோப்புகள், எந்த வரிசையில் என்பதை அமைப்புக் கோப்பில் எழுதி வைப்பது புருலின் பொறுப்பு. வேறு யாரும் அதைத் திறந்து பார்த்ததுகூடக் கிடையாது.

"சிவப்பு வந்தாலும் எவனும் கண்டுக்கறதில்ல" என்று ஒருநாள் டைரக்டர் தெமிர்லான் அலுத்துக்கொண்டார்.

"பயம் இல்ல, தெமிர்லான். தப்பு பண்ணவன் மூஞ்சியப் போட்டுப் பாருங்க, தானா வரும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போடுங்க எஜே! மூணு தடவ மூஞ்சி வந்தா வேலைய விட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

ஒரே மத்தியானத்தில் சோதனைப் பக்கத்தின் வார்ப்புருவை மாற்றிவிட்டாள். தோற்ற கோப்பைக் கடைசியாகத் தொட்டவனின் முகம் இனிப் பக்கம் முழுக்க வரும். தேநீர்க் கெட்டிலுக்கு மேலே இருந்த டிவியில் எல்லாரும் பார்க்கலாம். முதலில் வந்தது அசாத்தின் முகம். அன்று புருல் தேநீரில் ஒரு கரண்டி ஜாம் கூடுதலாகப் போட்டுக் குடித்தாள்.

அந்தப் பையன்களில் எல்தியார் மட்டும் அவளைக் கேலி செய்ததே இல்லை. லிப்ட் ஓடாத நாட்களில் அவள் பையை வாங்கிக்கொண்டு நாலு மாடி ஏறுவான். மனைவிக்கு ஏழாம் மாதம். அவன் முகம் இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டும் அவன் செய்த தப்புதான். மூன்றாவது வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வரியையும் நாலு தடவை படித்துப் பார்த்து அனுப்பினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தெமிர்லான் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன எஜே, கோப்புப் பேரெல்லாம் ஒண்ணொண்ணா எழுதி வெச்சிருக்கீங்க? வருகைப் பதிவேடா?" அவளுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வரிகளையும் அழித்துவிட்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று நட்சத்திரக்குறியோடு ஒரே வரி போட்டாள்.

பத்து மணிக்கு டிவியில் எல்தியார் தெரிந்தான். பழைய அடையாள அட்டைப் படம், லேசாகச் சிரித்தபடி.

"மூணு!" என்று கத்தினான் அசாத். தெமிர்லான் கையிலிருந்த சம்சாவைத் தின்று முடித்துவிட்டு எல்தியாரை அறைக்குள் கூப்பிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குள் புருல் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அவன் கோப்பு இன்னொரு கோப்பை நம்பி இருந்தது. அது முதலில் வந்தாக வேண்டும். அவள் அழித்த பன்னிரண்டு வரிகளில் அந்த வரிசை இருந்தது; நட்சத்திரக்குறி எல்லாவற்றையும் வெறும் எழுத்து வரிசையில் எடுத்துவிட்டது. எழுந்து போய்த் தெமிர்லானின் கதவைத் தட்டினால் போதும். தட்டினால் டிவியில் அவள் முகம் வரும், அசாத் பார்ப்பான். பழைய வரிகளைத் திரும்பப் போட்டாள். பக்கம் பச்சையானது. யாரும் கவனிக்கவில்லை.

எல்தியார் பையோடு அவள் மேஜைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது.

"எஜே, நீங்க டீச்சரா இருந்தவங்க. நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. நாலு தடவ பார்த்தேன், எனக்குத் தெரியல."

அவள் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உனக்குக் கவனம் போதாதுப்பா. இந்த வேலை எல்லாருக்கும் வராது."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"ஆமாம் எஜே, எங்கப்பாவும் அதான் சொல்லுவார். என்கிட்ட நேரா சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றான். அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனான். தொர்தோய் சந்தையில் துணி மூட்டை இறக்கப் போய்விட்டதாகப் பிறகு கேள்வி. அதற்கப்புறம் அவன் நிரல் எழுதவே இல்லை.