விரலில் ஒரு நட்டு

குழாயை அறுப்பதற்கு முன்னால் ஹில்டா நட்டை எடுத்து மோதிர விரலில் மாட்டிக்கொள்வாள். நட்டைக் கோக்காமல் குழாயின் வாயை விரித்துவிட்டால், அப்புறம் தலைகீழாக நின்றாலும் அது உள்ளே போகாது. இரண்டு முனையையும் அழகாக விரித்து முடித்த பிறகு, நட்டு மேசைமேல் கிடந்து பல்லை இளித்த நாளும் உண்டு. அன்றிலிருந்து விரல் காலியானால்தான் வாயை விரிக்கும் ஃபிளேரிங் டூலைத் தொடுவாள்.

வடசென்னை கல்மண்டபத்தில் ஏசி மெக்கானிக். செம்புக் குழாயென்றால் பேசிக்கொண்டே விரித்துவிடுவாள். ஆனால் திருவொற்றியூர் ஷெட்டில் அவள் தம்பி ஜெரி சொந்தமாகக் கட்டும் குட்டி விமானத்துக்கு வேண்டியது அலுமினியக் குழாய். "செம்பு நம்ம சனம் மாரி, இன்னா பண்ணாலும் தாங்கும். இது பொசுக்குனு கோச்சிக்கும்" என்பாள். முனையை வழவழவென்று தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகுவாள். யாராவது வாயைத் திறந்தால் முறைப்பு. வாசலில் கன்டெய்னர் லாரி போனால் கை நின்றுவிடும், தரை அதிர்கிறதாம். விரித்த வாயை நகத்தால் ஒரு சுற்றுத் தடவிய பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுப்பாள். கண்ணாடியைவிட நகத்தின்மேல் அவளுக்கு நம்பிக்கை அதிகம்.

இன்று கடைசிக் குழாய். டேங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் வழி. நாளைக் காலை விமானத்தை ஓடுதளத்துக்கு ஏற்றிச்செல்ல டிரெய்லர் வருகிறது. முதலில் ஏறிப் பறக்கப்போகிறவன் ஜெரிதான். நட்டைக் கோத்தாள், வாயை விரித்தாள், நகத்தை வைத்தாள். நகம் ஓரிடத்தில் தடுக்கியது. கண்ணாடியில் பார்த்தால் மயிரிழை போல ஒரு விரிசல். அறுத்தால் நீளம் பத்தாது. புதுக் குழாய் வர வாரக்கணக்காகும்.

ஜெரியும் எட்டிப் பார்த்துவிட்டான்.

"நட்டு போட்டு இறுக்குனா அமுங்கிடும்க்கா. இத்துனூண்டுக்காவ எல்லாத்தியும் நிறுத்துவியா?"

சம்பளத்தையெல்லாம் வருஷக்கணக்காக இதிலேயே கொட்டியவன். இருந்தும் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ரோட்ல வண்டி மக்கர் பண்ணா ஓரங்கட்டலாம் நைனா. மேல எங்க ஓரங்கட்டுவ?"

குழாயைக் கொடு, நானே மாட்டிக்கொள்கிறேன் என்பதுபோல் ஜெரி கையை நீட்டினான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

ஹில்டா கட்டரை எடுத்து, இனி யாரும் மாட்ட முடியாதபடி விரிந்த வாயை அறுத்துப் போட்டாள். குழாயைச் சாய்த்ததும் நட்டு வழுக்கிக்கொண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தது. அதை எடுத்து மறுபடியும் மோதிர விரலில் மாட்டிக்கொண்டாள்.