அக்கா பார்த்த கோபுரம்

இதை எழுதச் சில வருடங்களாக எனக்குத் துணிவு வரவில்லை.

புங்குடுதீவில் அக்காவின் வீட்டில்தான் குடியிருக்கிறோம். கனடாவிலிருந்து அக்கா உள்ளங்கையளவு கணினி ஒன்றை அனுப்பி, சன்னலில் கமராவும் பூட்டுவித்தார். அங்கிருந்தே அதன் திரையைத் திறந்து இயக்குவார். வீட்டை ஒழுங்காகப் பார்க்கிறேனா என்று வேவு பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

சரஸ்வதி பூசை வந்ததும் அந்தக் கணினியைக் கழற்றிப் புத்தகங்களோடு அம்மாள் படத்தின் முன் வைத்தேன். பக்தியால் அல்ல, அவர் கண்ணை மறைக்கத்தான்.

அடுத்தநாள் பின்னேரம் அக்கா அழைத்தார். “தம்பி, அதை ஒருக்காப் போட்டு விடடா.”

“பூசையில வச்சதை எடுக்க ஏலாது அக்கா.”

“ஓம், அம்மாளின்ரை காரியமெல்லே. இருக்கட்டும்.”

சற்று நேரத்தில் அங்கிருந்து அத்தான் அழைத்தார். “இண்டைக்கு அவவுக்கு நெஞ்சில ஒப்பரேசன். எங்கட அம்மாள் கோயிலைப் பார்த்திட்டுப் போகவேணுமெண்டு நிண்டவ. உமக்குச் சொல்லவேண்டாமெண்டும் சொன்னவ.”

படத்தின் முன்னிருந்து கணினியை எடுத்து வயர்களைப் பூட்டினேன். இணையவில்லை. கழற்றித் திரும்பப் பூட்டினேன். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அம்மாளே, இருட்டிவிடக் கூடாதே என்று வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன்.

திடீரென்று திரையில் அம்புக்குறி தானாக அசைந்தது. எங்கள் முற்றத்தில் அது நிற்கவேயில்லை. படலைக் கதவுக்கு அப்பால் தெரிந்த கோயில் கோபுரத்தைப் பெரிதாக்கி, அங்கேயே நின்றது. பிறகு திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது: “காணுமடா தம்பி.” அவருக்கு அவ்வளவே போதுமாம்.

அக்கா பிழைத்துக்கொண்டார். பூசையைச் சாட்டிச் சொன்ன பொய்யை அம்மாளிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடம் இன்னும் வாய் வரவில்லை. இதை யாருக்காவது சொன்னால், என் பொய்யையும் மறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.